கண்ணாடித் தகட்டின் மறுபக்கம்

நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் கிளப் தலைவர் விட்பி, கிழவர் ஜெர்வேயைக் கட்டிப்பிடித்துவிட்டார். நாற்பது பேர் கைதட்டினார்கள்.

2004 கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைப் பாய்மரப் படகுக் கிளப்பில் எனக்கு வேலை. பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். தகட்டைப் புரட்டி வைத்தால் படம் இடம்வலமாக மாறிவிடும். 1894 போட்டிப் படம் ஆளுயரத்தில் அச்சாகி வந்த பிறகுதான், சுவரில் தொங்கிய பழைய படத்துக்கு அது நேர்மாறாக இருப்பதைக் கண்டேன். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதென்று பழையதைக் கழற்றி என் பையில் ஒளித்தேன்.

படத்தில் இரண்டு படகுகள் மோதப்போகின்றன. வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு மற்றது வழிவிட வேண்டும். ஜெர்வேயின் தாத்தா வழிவிடவில்லை என்று கோப்பை விட்பி குடும்பத்துக்குப் போனது. அந்தப் படம்தான் சாட்சி. என் படத்திலோ குற்றவாளி விட்பியின் தாத்தா.

"பிழை எங்கடை பக்கம். இந்தாங்கோ, கோப்பை," என்றார் விட்பி, புதுப்படத்தைக் காட்டி. எண்பத்தொரு வயது ஜெர்வே கண்ணைத் துடைத்தார்.

அண்ணன் றொக்சனுக்குப் போன் எடுத்தேன்.

"ஜென்சி, நூற்றிப்பத்து வருசச் சண்டையை ஸ்கேனர்ல முடிச்சுப்போட்டியே. வாயைப் பொத்திக்கொண்டு நில்லு."

நிற்க முடியவில்லை. விட்பியிடம் போய், தகட்டை நான் மாற்றி வைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் எல்லோர் முன்னாலும் கோப்பையைத் திரும்ப வாங்கினார். ஜெர்வே தன் கிளப் சாவியை மேசையில் வைத்தார். "மெர்சி, ஜென்சி," என்று மட்டும் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழைய படம் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அழுதுகொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக ஆண்கள் கோட்டுக்குப் பொத்தான் தைக்கிற அம்மா, படத்தை விளக்கடியில் பிடித்தார்.

"படகில நிக்கிறதெல்லாம் ஆம்பிளையளோ?"

"ஓம்."

"அப்ப ஏன் எல்லாற்றை கோட்டிலயும் பொத்தான் பொம்பிளையளின்ரை கோட்டு மாதிரி இடக்கைப் பக்கம் கிடக்கு?"

நான் குனிந்து பொத்தான்களைப் பார்த்தேன்.

"இந்தப் பழசைத்தான் ஆரோ மாத்தி அடிச்சிருக்கிறாங்கள். உன்ரை படம் சரி. நீ என்னத்துக்குப் பிள்ளை மன்னிப்புக் கேட்டனி?"