முந்நூறு மில்லிமீட்டர் மாப்பிள்ளை

அரசாங்க அலுவலகக் கொள்முதல் பிரிவில் காலம் தள்ளியவனிடம் ஒரு பொருள் வாங்கும் வேலையைக் கொடுத்தால், விதிகள் அத்தனையும் காப்பாற்றப்படும். பொருள் மட்டும் தவறாக வந்து சேரும். வேறு யாரையும் மனதில் வைத்து இதை நான் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் இருந்த என் அக்காவின் மகள் கல்பனாவுக்கு அடையாறிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சேகர். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஜாதகம் பொருந்தியது, குடும்பம் பொருந்தியது. அவர்கள் அனுப்பிய ஸ்டுடியோ போட்டோதான் இடித்தது. அதில் தெரிந்த தலைமுடி பையனுடையதா, ஸ்டுடியோக்காரர் தூரிகையால் நட்டதா என்று அக்காவுக்குச் சந்தேகம்.

"வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போனப்புறம் வேண்டாம்னா நல்லாவாடா இருக்கும்? முன்னாடியே ஒரு தடவை பார்த்துடணும்" என்றாள்.

கல்பனா என்னை வழியனுப்ப எழுந்தாள். வாசல்வரை என்னோடு வந்தவள் தணிந்த குரலில், "மாமா, எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. ஏற்கெனவே ரெண்டு இடத்தை ஒண்ணுமில்லாத காரணத்துக்கு அப்பா தட்டிக் கழிச்சிட்டார். இதையும் நீங்க ஏதாவது பண்ணிக் கெடுத்துடாதீங்க" என்றாள்.

(எவ்வளவு தீர்க்கதரிசனம்!)

நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 'முடி இருக்கிறது' என்று வந்து சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் வாய்மொழித் தகவலுக்கு என்ன மதிப்பு? ஆதாரம் வேண்டாமா? என்னிடம் கேமரா இருந்தது. அதனோடு வந்த லென்ஸிலோ, சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கும் ஆள் கடுகளவு தெரிவான். ஆகவே தாய்மாமன் என்ற முறையில் ஒரு புதிய லென்ஸ் வாங்கத் தீர்மானித்தேன்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று ஜூம், திருகத் திருகக் கிட்டவும் எட்டவும் மாறிக்கொள்ளும். மற்றது முந்நூறு மில்லிமீட்டர் டெலிபோட்டோ. தூரத்தில் இருப்பதை ஒரே பிடியாக இழுத்து வரும், வேறு எதற்கும் இடம் கொடுக்காது. நான் எடை, துவாரத்தின் அளவு, கண்ணாடியின் தரம், உத்தரவாதம், உதிரி பாகம் என்று வரிசையாகக் கேட்டேன்.

கடைக்காரர் பொறுமை இழந்தார். "இன்னா நைனா, லென்ஸ் வாங்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா? இம்மாங் கேள்வி கேக்கற!"

"மாப்பிள்ளை பார்க்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

ஒரே ஆள் இரண்டு மேஜை வேலையையும் பார்ப்பதாகச் சொன்னால் இரண்டிலும் கோப்பு தேங்கும் என்பது என் சர்வீஸ் அனுபவம். அந்த நியாயத்தின்படி ஜூமை நிராகரித்து, சுரைக்காய் நீளத்தில் இருந்த டெலிபோட்டோவை வாங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் அலுவலகம் விடும் நேரத்துக்கு நந்தனம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சாரியில், சற்றுத் தள்ளிக் கோணலாக, ஒரு மரத்தின் பின்னால் மறைந்து நின்றேன். மறைந்து நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இளநீர்க்காரர் முதலில் வந்தார்.

"இன்னா சார், ஷூட்டிங்கா? ஹீரோ எங்க கீறாரு?"

"போக்குவரத்து ஆய்வு" என்றேன், கம்பீரமாக.

"அப்ப அந்த சிக்னல் வேலை செய்யல, அத்தயும் ஒரு போட்டோ பிடிச்சிக்க" என்றார். அதற்குள் நாலைந்து பேர் கூடி, தங்கள் பேட்டைக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே படம் எடுத்தேன். சேகர் வந்து நின்றபோதெல்லாம் நடுவில் ஒரு பஸ் வந்தது. ஃபிலிம் சுருளைக் கழுவிப் பார்த்தபோது பெரும்பாலும் பஸ்ஸின் விலாப்புறங்கள்தான். ஒன்றில் மட்டும் மாப்பிள்ளை, இடுப்புக்கு மேல், பளிச்சென்று விழுந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அந்தப் படத்தை, தீர்ப்பு வாசிப்பதுபோல மேஜை மேல் வைத்தேன்.

"முடி இருக்கு! சுருட்டை முடி!" என்று அக்கா பூரித்தாள். அடுத்த நொடி முகம் மாறியது. "இது யார்ரா?"

சேகரின் தோளோடு தோளாக ஒரு பெண். தலையில் துப்பட்டா. முகத்தை மறைக்கும் பூப்போட்ட குடை. அதன் விளிம்பு சேகரின் தலைக்கும் நிழல் தருவதுபோலத் தெரிந்தது.

எடுத்தபோது நான் முடியை மட்டுமே பார்த்திருந்தேன். அதை ஒப்புக்கொள்ளாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒரே குடைக்குள் நிற்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை" என்றேன்.

அத்தான் எழுந்து டெலிபோனைக் கையில் எடுத்தார். "இந்த இடம் வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்."

கல்பனா ஓடிவந்து ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ப்பா. அது நான்தான்."

அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "அடிப்பாவி! அவன் குடைக்குள்ள நீ என்னடி பண்ற? எத்தனை நாளா நடக்குது இது?"

"அது என் குடைம்மா! அதுகூட இல்ல, குடையும் சுடிதாரும் என் ஃபிரெண்டோடது. கல்யாணம் பண்ணிக்கப் போறவ நான், ஒரு தடவை நானே பார்த்துடலாம்னு போனேன். அவர் ஸ்டாப்புல இந்தக் கோடி, நான் அந்தக் கோடி. எதிர்ல மாமா பீரங்கி மாதிரி ஒண்ணை நீட்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டுதான் குடையால மூஞ்சியை மூடிக்கிட்டேன். அவருக்கு நான் யாருன்னே தெரியாது!"

"தோளை இடிச்சுக்கிட்டு நிக்கிற. போட்டோ பொய் சொல்லுமா?" என்றார் அத்தான். "என்ன மச்சான், சொல்லுமா?"

"சொல்லாது அத்தான்" என்றேன். (அன்றைக்கு என்னை யாரும் அடிக்காதது ஆச்சரியம்தான்.)

கல்பனா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இளநீர்க்காரரின் கத்தி ஞாபகம் வந்தது. "நான் எங்க நின்னேன்னு எனக்குத் தெரியும். அப்ப பொய் சொல்றது உங்க லென்ஸ்தான். எடுங்க அதை. எல்லாரும் மாடிக்கு வாங்க."

மொட்டை மாடியின் ஒரு மூலையில் அத்தானை நிற்கவைத்து, மறு மூலையில் கேமராவை அக்கா கையில் கொடுத்தாள். "அப்பாவுக்குப் பின்னால, தெருவைத் தாண்டி யாராவது நிக்கிறாங்களான்னு அப்பாவையும் சேர்த்துப் பாரும்மா."

அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் எழும்பியது.

"ஏங்க! சரோஜா டீச்சர் எதுக்குங்க உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டிருக்காங்க?"

அத்தான் துள்ளித் திரும்பினார். அடுத்த தெரு மாடியில், தன்பாட்டுக்கு வடாம் பிழிந்துகொண்டிருந்தார் சரோஜா டீச்சர். நடுவில் ஒரு தெரு, இரண்டு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி.

"ஐயோ, நான் தொடவே இல்லடி!" என்றார் அத்தான்.

"அதைத்தானேப்பா நானும் சொன்னேன்" என்றாள் கல்பனா.

தூரத்தை இழுத்து வரும் லென்ஸ், நடுவில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்து விழுங்கிவிடும் என்ற பால பாடம் எனக்குத் தெரிந்தது அந்த மாடியில்தான். ஜூம் வாங்கியிருந்தால் ஒரு திருகு திருகி முழு நிறுத்தத்தையும் எடுத்திருப்பேன். அந்தக் கோடியும் இந்தக் கோடியும் தெரிந்திருக்கும். அத்தான் கீழே வந்ததும் டெலிபோனை எடுத்து, வரும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அடையாறுக்குப் பேசினார். அவர் அவசரத்தைப் பார்த்தால், சரோஜா டீச்சர் விஷயத்திலிருந்து வீட்டின் கவனத்தைத் திருப்ப நினைத்தது போலிருந்தது.

கல்யாணத்துக்கு முறையான போட்டோகிராபர் வந்து ஆல்பம் ஆல்பமாக எடுத்துத் தள்ளினார். ஆனால் அடையாறு வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது நான் எடுத்த படம்தான். புதிதாக வருகிறவர்கள் யாராவது, "லவ் மேரேஜா?" என்று கேட்டால், சேகர் தன் மனைவி காதில் விழும்படியே சொல்வார்:

"இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாம ஒட்டி நின்ன படம் இது ஒண்ணுதான் சார். அப்பவும் எங்களுக்கு நடுவுல ஒரு முழு பஸ் ஸ்டாப் இருந்துச்சு."