கலேவெல மேளமும் என் ரெண்டு கையெழுத்தும்

இனிமே இந்த வீட்டுல என் பேச்சுதான்னு போன தை மாசம் ஒரு முடிவு எடுத்தேன். நான் நோபர்ட். அலுவிகாரையில த்ரீவீல் ஓட்டுறேன். வீட்டை ஓட்டுறது என் மனைவி கெத்தரின்.

எங்க மக கிருஷாந்தினிக்கு ஓ.எல். பரீட்சையில கணக்கு போயிருச்சு. ரெண்டு மாசமா புள்ள யார்கிட்டயும் பேசல. சாப்பிடக் கூப்பிட்டா தலையாட்டுறதோட சரி. எனக்குப் பயமாவே இருந்துச்சு. சனிக்கிழமை டியூஷனுக்குப் பேசி வச்சேன்.

அதே சனிக்கிழமைல கலேவெலயில வாராவாரம் ஒரு இசைப் பயிற்சின்னு கெத்தரின் வந்து நின்னா. சிங்கள, தமிழ், முஸ்லிம் புள்ளைங்க எல்லாம் ஒண்ணா. அவங்கவங்க வீட்டுப் பக்கம் இல்லாத வாத்தியத்தைத்தான் எடுக்கணுமாம். என் மகளுக்கு விழுந்தது பெரஹரா ஊர்வலத்துல அடிக்கிற சிங்கள மேளம்.

"கணக்குல போன புள்ளைக்கு மேளமா? போனதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கவா?"

"உங்க இஷ்டம்ங்க. கையெழுத்துப் போட ஒரு ஃபோம் குடுத்திருக்காங்க. உங்க முடிவை அதுல போட்டுருங்க."

உங்க இஷ்டம்னு இருபது வருஷத்துல அவ சொன்னதே இல்ல. அப்பவே நான் உஷாராகியிருக்கணும். ஃபோமை மேசையில விரிச்சு, காத்துக்குப் பறக்காம ஓரத்துல புட்டுத் தட்டை வச்சா. பாத்தேன். முழுக்கச் சிங்களம். சிங்களத்துல நான் சண்டை பிடிச்சா அலுவிகாரைச் சந்தியே வழி விடும். வாசிக்கத் தெரிஞ்சது பஸ் போர்ட் மட்டும்தான்.

"வாசிச்சுக் காட்டவாங்க?"

"எனக்கேவா? நான் தினமும் சிங்களத்துலதான் வண்டி ஓட்டுறேன்."

"சரிங்க. எங்க போடணும்னு உங்களுக்கே தெரியும்."

மூணு கட்டம் இருந்துச்சு. மேல இருக்கிறது சம்மதம், கீழ இருக்கிறது மறுப்பு, அதுக்கும் கீழ இருக்கிறது கடுமையான மறுப்புன்னு நானே ஒரு கணக்குப் போட்டேன். கீழ ரெண்டுலயும் அழுத்திக் கையெழுத்து வச்சேன். கெத்தரின் தட்டை எடுத்துட்டு ஃபோமை மடிச்சுக்கிட்டா.

அடுத்த சனிக்கிழமை காலையில வாசல்ல ஒரு முஸ்லிம் புள்ள, கையில மிருதங்கத்தோட. பேரு ஜஸ்லா, மாத்தளை டவுன்.

"அங்கிள், வருஷம் முழுக்க நீங்கதானே எங்களை ஏத்திட்டுப் போறீங்க?"

நான் கெத்தரினைப் பாத்தேன்.

"மேல கட்டம் புள்ளையோட பேருக்கு. ரெண்டாவது உங்க சம்மதம். மூணாவது வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு. வாசிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

ஆமான்னுதான் சொல்ல முடியும். சொன்னேன். வண்டியை எடுத்தேன்.

மூணாவது வாரம் கலேவெல போற வழியில நாலந்தை தாண்டுறப்போ பின்னால ஒரு சிரிப்புச் சத்தம். என் மக சிரிக்கிறா. ஏழு தட்டை மூணும் நாலுமா பிரிச்சு ஜஸ்லாவுக்குத் தாளக் கணக்கு சொல்லிக் குடுக்குறா. எனக்குக் கண்ணு கலங்கி ரோடே தெரியல. வண்டியை ஓரங்கட்டி, டயர் பாக்குற மாதிரி இறங்கி நின்னேன். புதன்கிழமை கணக்கு டியூஷனுக்கு அவளே போய்ப் பேர் குடுத்தா.

வருஷக் கடைசியில கலேவெலயில கச்சேரி. வில்கமுவயில இருந்து வந்த சிங்களப் புள்ள நாதஸ்வரம் ஊத, ஜஸ்லா மிருதங்கம் வாசிக்க, என் மக மேளத்தோட முன்னுக்கு நின்னா. அழுதேன். பக்கத்துல இருந்த ஜஸ்லாவோட வாப்பா கண்ணைத் துடைக்க லேஞ்சி குடுத்தாரு. அதையும் நனைச்சுக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மனசு விட்டுச் சொன்னேன்.

"கெத்தரின், அன்னிக்கு நான் வாசிக்காமத்தான் போட்டேன். எனக்குச் சிங்கள எழுத்து தெரியாது. அந்தோனியார்தான் என் கையைப் பிடிச்சுப் போட வச்சிருக்காரு. நாளைக்கே மெழுகுதிரி கொளுத்தணும்."

"கொளுத்துங்க. இந்தாங்க, அடுத்த வருஷத்து ஃபோம்."

"நீயே வாசி. எங்க போடச் சொல்றியோ போடுறேன்."

"எதுக்குங்க? திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். பின்பக்கம் முழுக்கத் தமிழ்.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அதுக்குத்தாங்க புட்டுத் தட்டை மேல வச்சேன்."