அதிகம் ஓடாத வண்டி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், ஒரு முழங்காலைத் தவிர. அது யாருடைய முழங்கால் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதில் 'முழங்கால்' என்பதை, வந்த இடத்திலெல்லாம் 'முழுங்கால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவன் என்பதால் கண்ணில் பட்டுவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டை வாங்குவதற்கு ஒருவரை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கை மேடு ஏறி இறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாள், இதைத் தள்ளிவிட்டு லிப்ட் வைத்த வீடாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்கிற உங்கள் கவலை நியாயம்தான். மழை முடிந்ததிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. சாயங்காலமானால் கீழ்த்தெருத் தையல்கடை அம்மாவோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுதான் அவளுக்கு உலகம், அதுவும் போச்சு. வீட்டை விற்கலாமா என்று கேட்டேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டு டீச்சருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு இங்கிருந்து போக மனசில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது மச்சான். என்ன ஆனாலும் இவளை இந்த வீட்டை விட்டுக் கிளப்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதனால்தான் வண்டி வாங்கினேன். எதை வாங்குவதாக இருந்தாலும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கச் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறது. வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

எங்கள் சந்து உங்களுக்குத் தெரியாததல்ல. வளைவு வரைக்கும் கார் வரும். அதற்கு மேல் செங்குத்தான ஏற்றம், குண்டும் குழியும், ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. இந்த மாதிரி இடத்துக்கென்றே ஏடிவி என்று ஒரு வண்டி இருப்பதாக டீச்சர் தன் போனில் படம் காட்டினார். தடித்தடியாக நாலு சக்கரம், ஸ்கூட்டர் மாதிரி காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம், மேடு பள்ளம் சேறு சகதி எதையும் பார்க்காமல் ஏறிப் போகும். புது வண்டியின் விலையைக் கேட்டதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒருநாள் பேப்பரில் வரி விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று அகப்பட்டது. 'ஏடிவி. ஓடாத வண்டி. விலை மலிவு' என்று போட்டிருந்தது. படித்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, ஒரு வார்த்தை விழுந்துவிட்டிருக்கிறது. 'அதிகம் ஓடாத வண்டி' என்று இருக்க வேண்டும். அச்சுக் கோக்கும்போது இப்படி வார்த்தை விழுவது சகஜம், என் கையால் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து, 'ஓடாத' என்பதற்கு முன்னால் குறி போட்டு, 'அதிகம்' என்று ஓரத்தில் எழுதி, பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விற்றவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். தங்கமான மனுஷர், அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கொட்டகைக்குள் அழைத்துப் போய்த் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். சிவப்பு வண்டி, பெயிண்ட்டில் ஒரு கீறல் கிடையாது, சீட் புத்தம் புதுசாகப் பளபளவென்று இருந்தது. "இது ஓடாத வண்டிங்க. தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அதற்காகத்தான் வந்தேன் என்றேன். எத்தனை நாளாக ஓடவில்லை என்று கேட்டேன். "வருஷக்கணக்காச்சு. ஒரு அடி நகரலை" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் முகத்தில் காட்டவில்லை. பேரம் பேசும்போது முகத்தில் காட்டக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது மெக்கானிக் இருக்கிறார்களா என்று விசாரித்தார். இல்லை, நான் அச்சகத்தில் இருந்தவன் என்றேன். உடனே நான் கேட்காமலேயே விலையைக் குறைத்தார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாவிட்டாலும் மரியாதைக்கு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டு, தார்ப்பாயையும் ஹெல்மெட்டையும் சும்மாவே கொடுத்தார். பேரம் பேசவே தெரியாத அப்பாவி என்று அவருக்காக வருத்தப்பட்டேன்.

மறுநாள் ஒரு மினி லாரியில் ஏற்றி அனுப்பினார். லாரி வளைவோடு நின்றுவிட்டது. வண்டியை இறக்கச் சொல்லி, மேலே நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். டிரைவர் போகாமல் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மாடியிலிருந்து உங்கள் தங்கை பார்க்கிறாள், டீச்சர் பார்க்கிறார், சந்தே பார்க்கிறது. நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கம்பீரமாக ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினேன். ஹாரனாவது அடிக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் ஊமை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. விளம்பரத்துலயும் போட்டிருந்தேனே" என்றார். குரலில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான். பையிலிருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன். என் சிவப்பு எழுத்து என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. டிரைவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கொஞ்சம் ஏறும், பிறகு அதே வேகத்தில் கீழே வரும். கடைசியில் வளைவிலேயே சுவரை ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மெக்கானிக் வந்து ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இது இந்த ஜென்மத்தில் ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவள் மீதியிருந்த பூந்தொட்டிகளையும் டீச்சர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் சாயங்காலம் உங்கள் தங்கை கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல வளைவுக்கு இறங்கிப் போனாள். வண்டியைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கிழிகிழியென்று கிழிக்கப் போகிறாள் என்று நான் ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். அவள் சீட்டைத் தட்டிப் பார்த்தாள். தூசியைத் துடைத்தாள். பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முழங்காலைத் தடவியபடி போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்தாள். பிறகு எழுந்து தன் பாட்டுக்குக் கீழே தையல்கடைக்குப் போய்விட்டாள். திரும்பும்போதும் வண்டியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் வந்தாள். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் போனாள். எனக்கு மண்டையில் உறைக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அவளிடமே கேட்டேன்.

"எனக்கு வண்டியெல்லாம் எதுக்குங்க? பாதி வழியில உட்கார ஒரு இடம் இல்லாமதான் நான் இறங்கலை."

"இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க முழங்காலைப் பத்தித்தானே கேட்டீங்க. வழியைப் பத்திக் கேட்கவே இல்லையே."

நாற்காலி போட்டிருந்தால் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாற்காலியை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் மச்சான். இதைத் தூக்க யாராலும் முடியாது, ஓட்டவும் முடியாது. மெத்தை உண்டு, மழைக்குத் தார்ப்பாய் உண்டு, பையை மாட்டக் கைப்பிடி உண்டு. இந்த விலைக்கு இப்படி ஒரு ஆசனம் எங்கே கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள். நேற்று டீச்சர் வீட்டிலிருந்து பூந்தொட்டிகளைத் திரும்ப வாங்கி வரச் சொல்லிவிட்டாள். கேட்பதற்கு அவளுக்குக் கூச்சம், அதனால் நான்தான் போய்க் கேட்டேன். ஆகவே, தாங்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை அழைத்து வர வேண்டாம். வீடு விற்பனைக்கு இல்லை. நீங்கள் மட்டும் வாருங்கள், வளைவில் உட்கார்ந்து பேசலாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். எல்லோரும் நோய்நொடியின்றி, முக்கியமாக முழங்கால்கள் நலமுடன், நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி இரண்டு நாள் கழித்து மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் அந்தப் பாழாய்ப்போன மெக்கானிக் கழற்றிய பாகத்தோடு திரும்பி வந்து, மாட்டி, ஒரு உதை உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. வளைவில் இருந்த உங்கள் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன். எலும்பெல்லாம் கழன்றுவிட்டது, இனிமேல் செத்தாலும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி, பழையபடி வளைவில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்றால், ஓடுகிற வண்டி ஓரிடத்தில் நிற்குமா? ஒரே ஒரு நடை என்று சிலிண்டர்காரர் வாங்கிப் போனார், அவர் கொண்டுவந்து விட்டதும் தண்ணீர் கேன்காரர் வந்து நிற்கிறார். இன்றைக்கு அவள் கீழே இறங்கவில்லை, பூந்தொட்டிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். வீட்டைக் காட்ட வேண்டாம், வண்டியைக் காட்டுவோம், நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. கையோடு பேப்பருக்கும் ஒரு வரி விளம்பரம் கொடுத்திருக்கிறேன்: 'ஓடாத வண்டி தேவை.' யாராவது முன்னால் 'அதிகம்' என்று சேர்த்துவிடப் போகிறார்களே என்று, நானே நேரில் போய்ப் பிழை பார்த்துவிட்டு வந்தேன்.