கிராம சபையில் நான் பேசாத பேச்சு

எனக்கு எல்லா விஷயத்திலும் கருத்து உண்டு. தக்காளி விலையிலிருந்து தேர்தல் கூட்டணிவரை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். இது ஒரு வியாதி என்கிறார் என் கணவர். (அவர் போன் வாங்கும்போது மட்டும் இந்த வியாதிக்காரியைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.) இந்த வியாதியால் என் மானம் மொத்தமாகக் காற்றில் போன ஒரு காலைப் பொழுதை இப்போது கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். அன்று அழுதேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போகும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. (பெயரைச் சொல்லமாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.) அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம், அதில் நிழல் மரங்களைப் பிடித்து ஏறிய மிளகுக் கொடிகள். நான் வீட்டில் இருந்தபடியே டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். மிச்ச நேரத்தில் போனில் கேம் விளையாடினேன். பாராசூட்டில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, நூறு பேரில் கடைசி ஆளாக மிஞ்ச வேண்டிய கேம். விளையாடுவதைப் பதிவு செய்து ‘மலைக்காரி’ என்ற பெயரில் சேனலில் போடுவேன். ஒரு வீடியோவை நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் ஆறு பேர் என் சித்தி மகன் ஒருவனே.

சுடுவதில் நான் படுமோசம். ஒளிவதில் மகா கெட்டிக்காரி. கேமில் கண்ணில் பட்ட முதல் வீட்டுக்குள் ஓடி, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். வெளியே மற்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுத் தீர்க்கும்வரை பொழுது போக வேண்டுமே? பேசுவேன். புது போனோடு சார்ஜர் தராத அநியாயம், சிலிண்டர் விலை, எங்கள் ஊர் அரசியல், எல்லாம் அந்த பாத்ரூமில் அலசப்பட்டன. என் நாற்பது ரசிகர்களும் எங்கோ வெளியூரில் இருக்கிறார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் காதில் இது விழவே விழாது என்ற தைரியத்தில், நாட்டுக்கே வழிகாட்டுகிறவள் மாதிரி பேசுவேன்.

அன்று எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சமுதாயக் கூடத்தில் காலை பதினொரு மணிக்கு. காலையிலிருந்தே பனிமூட்டம். சேலத்திலிருந்து மைக் செட் கொண்டுவந்த வண்டி மலைப்பாதையில் பழுதாகி நின்றுவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்தபோது அப்பா எழுந்து, “எங்க ஊட்ல ஒரு பொட்டி இருக்குதுங்க. மைக்கும் சொருகலாம்” என்று சொல்லியிருக்கிறார். பொட்டி என்றது என் போனோடு எப்போதும் தானாகவே இணைந்துகொள்ளும் புளூடூத் ஸ்பீக்கரை. பூசணிக்காய் அளவுதான் இருக்கும். சத்தம் பக்கத்து எஸ்டேட்வரை கேட்கும். நான் குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்லும்படி அம்மாவிடம் சொன்னாராம். அம்மா மறந்துவிட்டார்.

குளித்துவிட்டு வந்து, முந்தின நாள் பதிவு செய்த வீடியோவைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். படம் ஓடுகிறது. சத்தம் இல்லை. வால்யூமைக் கூட்டினேன். இல்லை. முழுக்கக் கூட்டினேன். ம்ஹூம். பனியில் போன் ஈரமாகிவிட்டது என்று முடிவு செய்தேன். (தொழில்நுட்பத்தில் நான் ஊருக்கே ஆலோசகர் என்பதை இங்கே நினைவில் வைக்கவும்.) ஈரமான போனை அரிசிக்குள் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்ன ஞாபகம். வீடியோவை நிறுத்தக்கூடத் தோன்றாமல், அப்படியே அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, தலை துவட்டப் போனேன்.

எதிர்க் கூடத்தில் என்ன நடந்தது என்பதை அதன்பிறகு ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவிட்டார்கள். பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொள்வது இவ்வளவு:

மலைக்குக் கீழேயிருந்து வந்த அதிகாரி ஏதோ அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பொட்டியிலிருந்து படபடவென்று துப்பாக்கிச் சத்தம். அதிகாரி மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டார். அடுத்து என் குரல்: “டேய், பின்னாடி வர்றான்டா! சுடு, சுடு!” முன்வரிசை எழுந்துவிட்டது. அப்புறம் நிதானமாக: “சரி. பாத்ரூமுக்குள்ள வந்து உக்காந்துட்டேன். இனி நிம்மதியாப் பேசலாம்.”

அப்பா ஓடிப்போய்ப் பொட்டியின் பட்டனை அமுக்கினார். அது சத்தத்தைக் கூட்டுகிற பட்டன்.

“காபிக்கொட்டை நம்ம தோட்டத்துல இருந்துதான் போகுது. அதையே ஏரிக்கரைக் கடையில ஒரு கப் குடிக்கோணும்னா எங்கப்பா அரை நாள் கூலிக்குப் போகோணும். இது எந்த ஊரு நாயமுங்க?” என்று நான் கேட்டேனாம். பின்வரிசையில் கை தட்டினார்களாம். தொடர்ந்து, “எங்கப்பா தேர்தல்ல ரெண்டு பக்கமும் ‘உங்களுக்குத்தானுங்க என்ற ஓட்டு’ம்பாரு. கடைசியில அம்மா சொல்ற சின்னத்துல குத்திப்போட்டு வந்துருவாரு” என்றேனாம். அந்த இரண்டு பக்கத்து ஆட்களும் அங்கேயே, அப்பாவுக்கு இடமும் வலமுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வளவு நடக்கும்போது நான் என்ன செய்தேன்? பனியைத் தாண்டி எங்கோ ஒரு பெண் பேசுவது மங்கலாகக் கேட்டது. “வியூ பாயிண்டுல செல்பி எடுக்கக் கலர் கலரா லைட்டு. பஸ் ஸ்டாப்பில இருந்து ஊட்டுக்கு வர்ற வழியில எட்டு கம்பம், ஒண்ணுலயும் லைட்டு இல்ல.” பரவாயில்லையே, நம் ஊரிலும் இவ்வளவு நியாயமாகப் பேச ஒருத்தி இருக்கிறாளே என்று நன்றாகக் கேட்பதற்காக ஜன்னலைத் திறந்தேன். சொந்தக் குரலை அடையாளம் தெரியாமல் பாராட்டிய ஒரே அரசியல் விமர்சகி நான்தான்.

அப்போது அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். “ஏன் சாமி, இங்க தலைய துவட்டிக்கிட்டு நிக்கிற, உன்ற குரலு அங்க கூடத்துல கேக்குது!”

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுப் போனைத் தேடினேன். அவசரத்தில் கிடைக்கவில்லை. டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். வீடியோவை நிறுத்தியபோது அது ஏறக்குறைய முடிந்திருந்தது. கடைசியில் நான் என்ன பேசியிருந்தேன் என்பது ஞாபகம் வந்ததும் அழுகையே வந்துவிட்டது.

“தலைவரம்மா உன்னையக் கூட்டியாரச் சொன்னாங்க” என்றார் அம்மா.

ஈரத் தலையோடு, நைட்டிக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடை நடுவிலிருந்த பெரிய நாற்காலியில் ஊராட்சித் தலைவரம்மாவின் கணவர் முகம் சிவக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவரம்மா. எந்தக் கூட்டத்திலும் அவர்கள் உட்காரும் வரிசை இதுதான்.

“பேசுனது நீதானா கண்ணு?” என்று தலைவரம்மா கேட்டார்.

“ஆமாங்கம்மா.”

“கடைசியா ஊட்டுக்காரரைப் பத்தி ஏதோ சொன்னியே. யாரைச் சொன்ன?”

நாட்டுக்கே வழிகாட்டியவள் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். “பொதுவாச் சொன்னதுங்கம்மா. இந்த ஊரைச் சொல்லலீங்க” என்று கூசாமல் பொய் சொன்னேன். (வீரம் பாத்ரூமோடு சரி.)

அப்போது அப்பா எழுந்தார். வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமும் தலையாட்டியே மரியாதை சம்பாதித்த மனிதர். துண்டை ஒருமுறை உதறினார். “இல்லீங்கம்மா. எம்பொண்ணு இந்த ஊரைத்தான் சொல்லுச்சு. சொன்னது நெசந்தானுங்க. வெளக்கு இல்லாததும் நெசம், மத்ததும் நெசம். என்ற ஓட்டைப் பத்திச் சொன்னதுகூட நெசந்தானுங்க.”

சொல்லிவிட்டும் அவர் உட்காரவில்லை. எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதைவிட, அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

தலைவரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “அந்தக் கடைசியை மட்டும் இன்னொருக்கா போடு கண்ணு. அப்ப ஒரே இரைச்சல். எனக்குச் சரியாக் கேக்கல.”

விளையாட்டாகச் சொல்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. கையிலிருந்த போனில் அந்த இடத்தைத் தேடிப் போட்டேன். பொட்டியிலிருந்து என் குரல் மறுபடியும் கூடம் முழுக்க வந்தது: “எங்க ஊருக்குத் தலைவர் ஒரு அம்மா. ஆனா பெரிய நாற்காலியில உக்கார்றது அவுங்க ஊட்டுக்காரரு. அந்தம்மா நொம்பப் படிச்சவங்க. ஒரு நாளாச்சும் அவரை எந்திரிக்கச் சொல்லிப்போட்டு அவுங்களே பேசோணும். அவுங்க பேசி நாங்க கேட்டதே இல்ல.”

தலைவரம்மா கணவர் பக்கம் திரும்பினார். பார்த்தார். அவ்வளவுதான். கணவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, “அலோ, அலோ, இங்க டவர் இல்லீங்க” என்றபடி வெளியே போனார். அந்தப் போன் அடிக்கவே இல்லை என்று முன்வரிசைப் பெண்கள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

தலைவரம்மா பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். “எட்டு கம்பத்துக்கும் வெளக்குப் போடறதுன்னு மொதத் தீர்மானமா எழுதுங்க சார்” என்று அதிகாரியிடம் சொன்னார். கணீரென்ற குரல். தலைவராகி மூன்று வருடமாக அதை எங்கே வைத்திருந்தாரோ!

எட்டில் ஐந்து கம்பங்களில் விளக்கு எரிந்தது. மீதி மூன்றுக்காகத் தலைவரம்மாவே ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் அலைந்தார். கணவர் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு கூடவே போனார். அப்பாவிடம் இரண்டு பக்கத்தாரும் ஒரு மாதம் பேசவில்லை. தேர்தல் நெருங்கியதும் இரண்டு பக்கத்தாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவிடம் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு, நேராக அடுப்படிக்கு அம்மாவிடம் போய்விட்டார்கள். என் வீடியோக்களை இருநூறு பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். அத்தனையும் எங்கள் ஊர்க்காரர்கள். கேமில் நான் இன்றுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அடுத்த வருடம் குப்பனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணுக்குப் பாடத் தெரியுமுங்களா?” என்று கேட்டார். எனக்குப் பாட வராது. நான் தலை குனிந்தேன். அப்பாவோ, “பாடாதுங்க. பேசும். கேக்கறீங்களா?” என்று தன் போனை எடுத்தார். சித்தி மகனிடம் சொல்லி அந்த வீடியோவை முழுசாக அதில் ஏற்றி வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து ஓடத் தயாரானேன். வந்தவர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, துப்பாக்கிச் சத்தத்திலிருந்து நாற்காலிவரை மொத்தத்தையும் கேட்டார்கள்.

முடிந்ததும் அந்த அம்மா தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவிடம், “இன்னொருக்கா போடுங்கண்ணா. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வெய்யுங்க” என்றார்.

அவர்தான் என் மாமியார். மாமனாருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் நான் ஏதாவது கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால், மாமியார் சோற்றில் கை வைத்தபடியே சொல்வார்: “சத்தமாச் சொல்லு கண்ணு, மாமாவுக்குக் காது மந்தம்.”