எதுக்கும் அண்ணையும் இரண்டு வாசல்களும்

கனடாவின் ஸ்காபரோவில் பயந்த ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் பயப்படுவதையே முழுநேர வேலையாக, சம்பளமில்லாமல், ஒரு நாள் லீவு போடாமல் செய்தவர் எங்கள் மாடியில் இருந்த 'எதுக்கும் அண்ணை' ஒருவர்தான். சொந்தப் பெயர் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. கொளுத்தும் வெயிலில், "எதுக்கும் ஜக்கெற்றைக் கொண்டு போங்கோ" என்பார். லிஃப்டில் ஏறினால், "எதுக்கும் ஃபோனைக் கையிலை வைச்சிருங்கோ" என்பார்.

அவருடைய மனைவி ராணி அக்கா நேர்மாறு. ஊர் பார்க்கிற ஆசை நிறைய. ஆனால் வந்து இத்தனை வருடத்தில் நயாகராவைக்கூடப் பார்த்ததில்லை. புறப்பட்ட ஒவ்வொரு முறையும் பாதி வழியில் அண்ணைக்கு 'அடுப்பை நிப்பாட்டினமோ' என்ற சந்தேகம் வரும், கார் திரும்பிவிடும்.

ஒரு கோடையில் அக்கா எனக்கு ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவரில் வரிசையாகக் கதிரைகள், உட்காரும் நாற்காலிகளேதான், தொங்கின. அமெரிக்காவில் ஷேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் முன்பு வாழ்ந்த கிராமமாம். கலியாணம் கட்டாமல், ஆணும் பெண்ணும் சகோதர சகோதரிகளாக இருந்து, உடல் குலுங்க ஆடிக் கடவுளை வணங்கியவர்கள். வீடு கூட்ட வசதியாகக் கதிரைகளைச் சுவரில் கொழுவிவிடுவார்களாம்.

"தம்பி, நீங்கள் கார் ஓடுங்கோ. இந்தமுறையும் இவர் திருப்பச் சொன்னால், இனி இவரோடை ஒரு இடத்துக்கும் வரமாட்டன். சத்தியமாச் சொல்லுறன்" என்றார். அக்கா சத்தியம் செய்து நான் அதுவரை கேட்டதில்லை.

அமெரிக்க எல்லையில் அதிகாரி அண்ணையின் புடைத்த பொக்கற்றைச் சந்தேகமாகப் பார்த்தார். அண்ணை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வீட்டு அடுப்பைத் திருகும் குமிழ்கள், நாலும்! அடுப்பை நிறுத்திவிட்டுக் கழற்றிக்கொண்டு வந்ததாகவும், இனிச் சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்க்கலாம் என்றும் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். எப்படியோ விட்டுவிட்டார். அக்காவின் சத்தியம் அண்ணையின் காதிலும் விழுந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பெரிய வீதியை விட்டு மலைப்பாதையில் இறங்கினோம். அழகான பாதை என்று பெயர் பெற்றதாம். இரு பக்கமும் சோளம், தூரத்தில் சிவப்புக் களஞ்சியங்கள், ஃபோனில் சிக்னல் இல்லை. அழகைப் பார்க்க யாருக்கு நேரம்?

"தம்பி, மான் பாயுமெண்டு பலகை போட்டிருக்கு. எதுக்கும் மெதுவாப் போங்கோ."

மெதுவாகப் போனேன்.

"பின்னாலை ட்ரக் வருது. எதுக்கும் கெதியாப் போங்கோ."

பின் சீற்றில் அக்கா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் எனக்குப் பெரிய பயம். போகப் போக, என் வீட்டு அடுப்பை நிறுத்தினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். தொங்கிய கதிரைகளைக் கண்டதும் அண்ணைக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களே, வெள்ளம் வந்தாலும் கதிரை நனையாது. கெட்டிக்காரச் சனம்!" அவர்கள் ஆடிய கதையைக் கேட்டதும், "கலியாணம் இல்லை, பிள்ளையள் இல்லை. பிறகென்ன பயம், ஆடலாம்தானே" என்றார். அக்கா சிரித்துவிட்டார். தப்பினோம் என்று நினைத்தேன்.

அடுத்தது வழிபாட்டு மண்டபம். அதற்கு இரண்டு வாசல். சுற்றிக் காட்டிய வெள்ளைக்கார அம்மா, அந்தக்கால வழக்கப்படி ஆண்கள் இடப்பக்கத்தாலும் பெண்கள் வலப்பக்கத்தாலும் போகலாம் என்றார்.

அண்ணை அப்படியே நின்றுவிட்டார். அக்காவின் கைப்பை வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வியர்த்தது. "தம்பி, காரைத் திருப்புவம்" என்றார். இந்தமுறை 'எதுக்கும்' வரவில்லை.

அக்கா வெடிக்கப் போகிறார் என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "ஊரிலை சண்டை நேரம் ஒரு ஆமிச் செக்பொயின்ரிலை ஆம்பிளையளுக்கு ஒரு வாசல், பொம்பிளையளுக்கு ஒரு வாசல். இவரை உடனை விட்டிட்டாங்கள். என்னைப் பொழுதுபடத்தான் விட்டவங்கள். அதுவரைக்கும் மனுசன் றோட்டிலை நிண்டது."

நான் கார்த் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

பிறகு அக்கா அவரிடம், "இஞ்சை பாருங்கோ, ரெண்டு வாசலும் ஒரே மண்டபத்துக்குத்தான் போகுது. நான் கதைச்சுக்கொண்டே போறன். என்ரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நீங்கள் அங்காலை வாங்கோ" என்றார்.

கதைப்பது என்றால் ஏச்சுத்தான். பார்க்காத நயாகரா, முதல்நாள் இரவு தங்கிய மோட்டலில் கதவுக்கு முட்டுக் கொடுத்த மேசை, எல்லையில் மானத்தை வாங்கிய குமிழ்கள் என்று ஒன்றையும் விடவில்லை. மண்டபம் அதிர்ந்தது. வெள்ளைக்கார அம்மா அதை எங்கள் பிரார்த்தனை என்று நினைத்துத் தலை குனிந்து நின்றார். அண்ணை அந்த ஏச்சைப் பிடித்துக்கொண்டு மற்ற வாசலால் அடிமேல் அடி வைத்து உள்ளே போனார்.

நடு மண்டபத்தில் சந்தித்ததும், "வந்திட்டீரோ?" என்று அண்ணை கேட்டார்.

"வராமல் எங்கை போறது?" என்றார் அக்கா.

திரும்பும் வழியில் அண்ணை முன் சீற்றில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். ஓடும் காரில் அவர் கண் மூடியதை அக்காவே கண்டதில்லையாம். மான் படம் போட்ட பலகை மறுபடி வந்தது. சொல்ல ஆளில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று நான் மெதுவாகவே ஓட்டினேன்.