கழட்டியின் கேமராவும் ஒரு பட்டனும்

"பட்டனைக் காணோம்!" என்று கழட்டி போட்ட கூச்சலில், சமையலறையில் மனைவியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

கழட்டி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். கேமரா பழுது பார்ப்பது அவன் தொழில். கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் பார்ப்பது அவன் குணம். இப்போது காணாமல் போனது, இராப்பகலாக உட்கார்ந்து அவன் செய்த டிஜிட்டல் கேமராவின் பட்டன்.

அந்தக் கேமராவைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். படம் பிடிக்கிற 'கண்' ஒரு துண்டு, கைப்பிடி ஒரு துண்டு, அமுக்குகிற பட்டன் ஒரு துண்டு. அவரவர் கைவாகுக்கு ஏற்றபடி எதையும் எங்கேயும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டாமலே விட்டாலும், கண் ஓர் அறையிலும் பட்டன் ஓர் அறையிலுமாகச் சத்தமில்லாமல் வேலை செய்யும். அதைப் பார்க்கத்தான் இன்று கேமரா கம்பெனி அதிகாரி அம்மாள் வருகிறார். எடுக்கிற படமெல்லாம் உடனே அவருடைய போனுக்குப் போகும்படி நேற்றே இணைத்து வைத்துவிட்டான்.

இவ்வளவும் மனைவிக்காக. அவள் பத்திரிகைக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு கூட்டத்தில் படமெடுக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை விரல்கள் மடங்காமல் போயின. கடையில் விற்கிற கேமராக்களுக்கெல்லாம் பட்டன் வலப்பக்கம்தான். தன் கேமராவை அன்று பெட்டியில் வைத்து மூடியவள் பிறகு திறக்கவே இல்லை. இவன் இதைச் செய்து நீட்டியபோதும், "என்மேல பரிதாபப்பட்டுச் செஞ்சதை நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் கழட்டி விடவில்லை. கம்பெனி ஏற்று, நாலு பேர் கையில் இது புழங்க ஆரம்பித்தால் அவளும் எடுப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

"நல்லாத் தேடினீங்களா?" இடது கையில் கைத்துண்டைச் சுற்றிக்கொண்டு மனைவி வந்தாள்.

"தலையணை உறைக்குள்ள கூடப் பார்த்துட்டேன். இந்தக் கண்ணைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. கீழே வெச்சேன்னா இதுவும் தொலைஞ்சிடும்."

"நான் தொடமாட்டேன்னு சொன்னேனே."

"தொட வேண்டாம்மா தாயே, சும்மா பிடிச்சுக்கோ!"

முகத்தைச் சுளித்தபடி வலது உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்துவிட்டுக் கழட்டி கட்டிலுக்கடியில் புகுந்தான். திரும்பி வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை, பட்டன் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. எதையும் எதோடும் மாட்டலாம் என்பதுதானே தன் கண்டுபிடிப்பின் பெருமை! ஸ்டூலைப் போட்டு ஏறி, உயரத்தில் இருந்த வாசல் அழைப்பு மணியின் சுவிட்சை நாக்கைத் துருத்திக்கொண்டு கழற்றத் தொடங்கினான்.

"கரண்ட்டை நிறுத்தினீங்களா?" கூடவே வந்து பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"ஆ!" என்று ஸ்டூலில் ஒரு துள்ளல் துள்ளினான். நிறுத்தவில்லை.

சுவிட்சைக் கைப்பிடியில் மாட்டி அமுக்கினான். அதில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. போதாக்குறைக்கு, இப்போது அழைப்பு மணியும் அடிக்காது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரிடம் ஓடினான்.

"மாமா, வாசல்ல போய் நில்லுங்க. கம்பெனி மேடம் வந்ததும் உடனே உள்ளே கூட்டிட்டு வாங்க."

"நிக்கறேன் மாப்பிள்ளை. ஆனா என் கண்ணாடி ஒத்தைக் காலோட இருக்கே. அதோட திருகாணியை நேத்து நீங்கதானே சுட்டீங்க?"

உண்மைதான். அந்தத் திருகாணிதான் கைப்பிடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கழற்றிக் கண்ணாடியில் போட்டுக் கொடுத்தான். மாமனார் வாசலுக்குப் போனார். கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. ரப்பர் பேண்டைப் போட்டு இழுத்துக் கட்டினான். அது தெறித்து, பாதி கைப்பிடி பறந்துபோய்ப் பீரோவுக்குப் பின்னால் விழுந்தது. கழட்டி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தான். பாதியில் மாட்டிக்கொண்டான்.

மனைவி சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. மாட்டிக்கொண்ட இடத்திலேயே அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் மாமனார் குரல் கேட்டது. "நாங்க எதுவும் வாங்கறதில்லைம்மா. அங்கேயே நில்லுங்க."

யாரோ சோப்பு விற்க வந்திருக்கிறார்கள் என்று கழட்டி பேசாமல் இருந்துவிட்டான். ஒருவழியாக வெளியே வந்து வாசலுக்குப் போனால், கையில் போனோடு நின்றவர் அதிகாரி அம்மாள்!

"ஐயோ மாமா! இவங்கதான் அவங்க!"

"அப்படியா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியலையே" என்றார் மாமனார்.

கழட்டி அதிகாரி அம்மாளை உள்ளே உட்கார வைத்து, தலை குனிந்து நின்றான். "மன்னிச்சுக்குங்க மேடம். பட்டன் தொலைஞ்சிடுச்சு. ஒரு படம் கூட எடுத்துக் காட்ட முடியாது."

"ஒரு படம் கூடவா? அப்ப இதெல்லாம் என்ன?" என்று அவர் போனை நீட்டினார்.

கட்டிலுக்கடியிலிருந்து நீண்ட இரண்டு கால்கள். ஸ்டூல்மேல் துருத்திய நாக்கு. கரண்ட் பட்ட முகம். பீரோவுக்குப் பின்னால் பிதுங்கிய அரை ஆள். ஒவ்வொன்றும் அச்சுக்கு அனுப்பலாம் போல இருந்தது.

"வாசல்ல நிக்கறதே தெரியலைங்க. அவ்வளவு அருமையா வந்துக்கிட்டே இருந்தது. எடுத்தது யாரு?"

கழட்டி திரும்பினான். மனைவி இடது கையில் சுற்றியிருந்த துண்டை மெதுவாகப் பிரித்தாள். உள்ளங்கையில் பட்டன்.

"காலையில ஆசைக்கு இதைக் கையில எடுத்துப் பார்த்தேன். நீங்க கத்தின கத்துல திருப்பிக் குடுக்க வெட்கமாப் போச்சு. அப்புறம்... கை நிக்கலை."

"இதுக்கு மேல எனக்கு எதைக் காட்டணும்? இந்தக் கேமராவை நாங்க செய்யறோம்" என்றார் அதிகாரி.

கழட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க மாமனார்மேல் பாய்ந்தான். "ஆனாலும் மாமா, கண்ணாடியைச் சரிபண்ணிக் குடுத்தும், மேடத்தை இவ்வளவு நேரம் வெயில்ல நிக்க வெச்சுட்டீங்களே!"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது மாப்பிள்ளை. இவங்க போன்ல படம் வந்து விழறதைப் பார்த்தேன். யாராவது உள்ளே வந்தா என் பொண்ணு படம் எடுக்கறதை நிறுத்திடுவாளேன்னுதான் இவங்களை வாசல்லயே பிடிச்சு வெச்சேன்."