காலண்டர் தாளில் வீட்டுப்பாடம்

காலை ஒன்பது பத்து. என்னை வரச்சொல்லியிருந்த ஆங்கில ஆசிரியையின் மேசையில் முதலில் கண்ணில் பட்டது, பளபளப்பான காலண்டர் தாளில் அச்சாகியிருந்த என் கட்டுரை. அதன் அடியில் இன்னும் முப்பத்தைந்து.

அக்கா மகள் நஸ்ரின் என்னிடம் கேட்டது, பாடத்திலிருந்த கவிதையில் ஒரே ஒரு வரிக்கு அர்த்தம். அந்தி நேரத்தில் வாசலில் கேட்கும் காலடிச் சத்தம் பற்றிய வரி. நான் பத்திரிகைக்காரன். (ஒரு வரி கேட்டால் முக்கால் பக்கம் கொடுக்கிற வியாதி எங்களுக்கு உண்டு.) அந்தக் காலடி மரணத்தின் குறியீடு என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பூரித்துப்போனவர் அவளுடைய அத்தா. சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் என் மச்சான்.

"ஒத்தக் காப்பிக்கா மெஷின ஓட்ட? கிளாசுல அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் ஆகட்டும் மாப்ள!"

பில் புத்தகம் அடித்துப் பழகிய கை. மேலே பெயர் எழுதக் கோடு, மூலையில் சிவப்பில் வரிசை எண், கீழே அச்சகத்தின் பெயரோடு 'காலண்டர் ஆர்டர்கள் ஏற்கப்படும்'. முப்பத்தாறு பிள்ளைகளும் பெயரை மட்டும் எழுதி, வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டார்கள்.

"ஒண்ணாம் நம்பர் நஸ்ரினோடது சார்," என்றார் ஆசிரியை. "விருதுநகர் கட்டுரைப் போட்டிக்கு இவ பேரத்தான் இன்னைக்கு அனுப்ப இருந்தேன். இனி எப்படி அனுப்ப?"

நான் விளக்கத் தொடங்கினேன்.

"மாமா, சும்மா இருங்க. நீங்க எழுதுனதே போதும்," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற நஸ்ரின் ஆசிரியையிடம் திரும்பினாள். "மிஸ், ஒரு வெள்ளத் தாள் தாங்க. இங்கனயே உக்காந்து எழுதுறேன்."

அரை மணி நேரம் ஆனது. சாயங்காலம் தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் நிற்கும். வேலை முடிந்து அதில் வரும் அம்மாவின் காலடி கேட்கும்வரை, நஸ்ரினின் தோழி வாசலைவிட்டு வீட்டுக்குள் போகமாட்டாள். காலடி கேட்டால் அம்மா உயிரோடு வந்துவிட்டாள் என்று பொருள். இதைத்தான் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இரண்டு. இருபது வருடமாகப் பிறர் எழுத்தைத் திருத்தியே சம்பளம் வாங்கும் நான், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆசிரியை இரண்டு முறை படித்தார். பட்டியலில் பெயரை எழுதினார்.

வெளியே வரும்போது காவலாளியிடம், அவர் கேட்காமலே சொன்னேன்: "அது எங்க அக்கா மக."

நான் பேனாவை எடுத்தால் மச்சான் இன்றும் கேட்பார்: "எத்தன காப்பி மாப்ள?"

நஸ்ரின் இப்போது விருதுநகரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். அவள் வகுப்பில் வீட்டுப்பாடத்தைக் கையால்தான் எழுதி வர வேண்டும்.